அந்த வரைபடத்தை நான் அச்சடிக்கமாட்டேன்

அன்புள்ள கதிரேசா,

நேற்று நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. அதைத் தனித்தாளாக அடித்து, உன் கல்யாணத் தாம்பூலப் பை ஒவ்வொன்றுக்குள்ளும் செருகச் சொல்லியிருக்கிறாய். நான் அடிக்கமாட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், உன் அம்மா போனை வாங்கி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷமாக சிவகாசியில் அடுத்தவர் எழுதியதை அச்சடித்தே காலம் தள்ளியவன் நான். சொந்தமாக நாலு பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இதை உன்னைத் தவிர மற்ற பிள்ளைகள் படித்தாலும், என்னைப் போன்ற மற்ற தகப்பன்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆப்பிரிக்காவில் கிளம்பும் அம்புக்குறி கடற்கரை ஓரமாகவே வந்து நம் நாட்டுக்குள் இறங்குகிறது. நீ கட்டப்போகும் மாரீஸ்வரியின் அப்பா குருசாமிக்கு மரபணுச் சோதனையில் வந்த தந்தைவழி அதில் சிவப்புக் கோடு. என்னுடையது வெகுகாலம் கழித்து ஈரான் பக்கமிருந்து வருகிற நீலக் கோடு. கீழே பெரிய எழுத்தில் நீ போட்டிருக்கும் வாசகம்: ‘யார் முதலில் வந்தது?’ அதைப் படிக்கும்போது உன் பெரியப்பாவின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து எனக்கும் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏன் என்று சொல்ல, தை மாதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் பக்கத்திலிருந்து அதை நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு விருதுநகரில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் சமூகச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நீ நேராக விஷயத்தைச் சொன்னாய். ஹைதராபாத்தில் நீ கணினி வேலை பார்க்கும் மரபணு ஆராய்ச்சிக்கூடத்தில் மாரீஸ்வரி ஆராய்ச்சியாளர், ஊர் எம். புதுப்பட்டி, அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள், அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாய். பெரியப்பா சத்தம் போடவில்லை. “அந்தப் பிள்ளை படிச்சிருக்கு, கை நிறைய சம்பாதிக்கு, எல்லாம் சரிதேன். ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லலே. நம்ம ரத்தத்துல இன்னைக்கு வரைக்கும் வேற ஒரு சொட்டு விழுந்ததில்ல” என்றார். நீ உடனே மடிக்கணினியைத் திறந்து, உன் எச்சிலை வைத்துச் செய்த மரபணுச் சோதனையின் முடிவைக் காட்ட ஆரம்பித்தாய். நாம் எல்லோருமே கலந்து பிறந்தவர்கள் என்று வரைபடம் வரைபடமாக விளக்கினாய். “எச்சியைத் துப்பி குலத்தைக் கண்டுபிடிக்கானாம்” என்றார் அவர். கூடம் முழுக்கச் சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் கையிலிருந்த காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பினாய். உன் அம்மா தெருமுனை வரை உன் பின்னால் ஓடி வந்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அண்ணனுக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். அது அப்படியில்லை. ராஜபாளையத்தில் தனலட்சுமி என்று உனக்கு ஒரு அத்தை இருக்கிறாள், அவள் நம் வீட்டுக்கு வருவதில்லை என்பது வரைதான் உனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இருபது வயது, எனக்கு இருபத்தாறு. அப்போது நம் பிரஸ்ஸில் ஈய எழுத்தைக் கோத்து அடுக்கும் வேலைக்கு சேகர் என்று ஒருவர் இருந்தார். தனம் மத்தியானம் வந்து புரூஃப் பார்ப்பாள். ஒருநாள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். நானும் பெரியப்பாவும் காரில் துரத்திப் போய் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம். சேகர் குடிக்கத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார். அவள் மடியில் ஒரு துணிப்பையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்து காரில் ஏற்றியது நான். வரும் வழியில் அவள் அழவில்லை. “அந்தாளு என்ன தப்பு பண்ணுச்சு, சொல்லுண்ணே” என்று கேட்டாள். “நம்ம ரத்தம் வேற, அவுக ரத்தம் வேற” என்றேன். பெரியப்பா காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னது நான். மறுநாள் சேகரை வேலையை விட்டு அனுப்பினோம். மூன்றே மாதத்தில் தனத்துக்கு ராஜபாளையத்தில் கல்யாணம். தை மாதம் அந்தக் கூடத்தில் ரத்தம் என்ற வார்த்தை விழுந்தபோது எனக்கு என் குரல்தான் கேட்டது. தலையை எப்படி நிமிர்த்துவேன்?

மாசியில் சங்கத்தின் ஆண்டு மலர் அச்சுக்கு வந்தது. முதல் அத்தியாயத்தை எப்போதும் நானேதான் திருத்துவேன். ‘ஐயாயிரம் ஆண்டுகளாக வேற்று ரத்தம் கலவாத தூய குலம்’ என்று இரண்டாவது பத்தி தொடங்கும். இதே வரியை முந்தைய மலர்களில் மூன்று தடவை அடித்திருக்கிறேன். மூன்று தடவையும் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டுத் திருத்தியதோடு சரி. இந்த முறை பேனா அங்கேயே நின்றுவிட்டது. உன் அம்மாவிடம் மாரீஸ்வரியின் நம்பரைக் கேட்டேன். தேடாமலே கொடுத்தாள். எனக்குத் தெரியாமல் ஆறு மாதமாக இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“நான் கதிர் அப்பா பேசுதேன்” என்றேன். “சொல்லுங்கய்யா” என்றாள். நீங்கள் கண்டுபிடிப்பதெல்லாம் நிஜம்தானா, வெறும் விளம்பரமா என்று கேட்டேன். “நிசந்தான்யா. எதுவரைக்கும் நிசம், எதுக்கு மேல எங்களுக்குத் தெரியாதுங்கிறதையும் சேத்தே சொல்றேன்” என்றாள். அந்த ஒரு பதிலிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் எழுத்து எழுத்தாக ஒரு நீண்ட வாசகம் இருப்பதையும், பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு அது நகலாகிப் போகும்போது எங்கேயாவது ஒரு எழுத்து மாறிவிடுவதையும், மாறிய எழுத்து அதற்குப் பிறகு வரும் தலைமுறைக்கெல்லாம் அப்படியே போவதையும் சொன்னாள். போதும்மா, புரிந்துவிட்டது என்றேன். ஒரு வருஷம் சிவகாசியில் ஒரு பிரஸ் காலண்டரில் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டது. அதே தப்பு இன்னும் மூன்று பிரஸ் காலண்டரிலும் இருந்தது. யார் யாரைப் பார்த்து அடித்தார்கள் என்று ஊருக்கே தெரிந்துபோனது. இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். “அதேதான்யா. தப்பை வச்சுத்தான் நாங்க வழியைக் கண்டுபிடிக்கோம்.”

உலகம் முழுக்க மனிதர்களிடமிருந்து அந்த மாற்றங்களைச் சேகரித்து அடுக்கினால் அடிமரம் ஆப்பிரிக்காவில் போய் நிற்கிறது. ஐம்பது அறுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பிய ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகள்தான் ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கும் நாம் எல்லோரும். அவர்களில் சிலர் இங்கே முதலில் வந்தார்கள். வெகுகாலம் கழித்து மேற்கேயிருந்து சிலர், இன்னும் பிற்பாடு வடக்கே மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து சிலர். வந்தவர்கள் எல்லாம் இங்கே கலந்தார்கள். கலக்காத கூட்டம் என்று இந்த நாட்டில் ஒன்றைக் காட்டுவது கஷ்டம், அளவுதான் கூடக் குறைய இருக்கும் என்றாள். “அப்ப இந்தச் சாதிச் சுவரெல்லாம்?” என்று கேட்டேன். “அது பெறகு வந்ததுய்யா. ரொம்ப காலம் கலந்துக்கிட்டேதான் இருந்திருக்காக. ஏறக்குறைய ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திதான் நிப்பாட்ட ஆரம்பிச்சிருக்காக.” நான் மேசையிலிருந்த புரூஃபைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போனை வைப்பதற்கு முன்னால், ஐயா என்று கூப்பிட வேண்டாம், மாமா என்றே கூப்பிடு என்றேன். “சரிங்க மாமா” என்றாள். அந்தக் குரலை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்டு அவள் தபாலில் அனுப்பிய, எச்சில் பிடிக்கும் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனேன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள் லோடு இறக்க இருபது வருஷமாக அந்த ஊருக்குப் போய் வருகிறேன். எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாரும் கொடுக்காமல் இல்லை, நான்தான் கேட்டதில்லை. குருசாமி என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். “மொதலாளி, சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல. நீங்க எதுக்கு அலையுதீக” என்றார். வந்த காரியத்தைச் சொன்னேன். மகள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள் போல. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற கை அது. நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னிக்கொண்டே இருந்தது. “இது போகாதுங்க. உள்ளயும் போயிருக்கும். அதையும் சேத்துக் காட்டுமா?” என்று கேட்டார். துப்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் எதையும் குடிக்கக்கூடாது. அவருடைய வீட்டம்மா போட்டு வைத்த காபி அப்படியே இருந்தது. இரண்டு பெரிய மனுஷர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வாய் உலர்ந்துபோய், குழாயில் கோடு வரை எச்சில் நிரப்பக் கஷ்டப்பட்டோம். அதற்குள் எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் காபி ஆறிப்போனதுதான். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

வைகாசியில் முடிவு வந்தது. அன்றும் அவர் வீட்டில் உட்கார்ந்துதான் மாரீஸ்வரி போனில் வாசிக்கக் கேட்டோம். குருசாமியின் தந்தைவழி, இந்த நாட்டுக்குள் முதலில் நடந்து வந்தவர்களின் பழைய கிளை. என்னுடையதை மேற்கேயிருந்து பிற்பாடு வந்தவர்களோடு சேர்த்துச் சொல்கிறார்கள். தாய்வழியில் இரண்டு பேருக்கும் ஒரே பழைய கிளை, இங்கே பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் என்றாள். தந்தைவழி என்பது ஆயிரக்கணக்கான முன்னோர்களில் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகிற ஒற்றை நூல், அதை வைத்து ஒரு ஆளை எடை போடக்கூடாது என்றும் எச்சரித்தாள். இருந்தாலும் ஒரு உண்மையைச் சொல்கிறேன். பிற்பாடு வந்தவன் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அத்தனையும் புரிந்த பிறகும் தைத்தது. அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது அந்தப் பெருமை. குருசாமி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “அப்ப நாங்க மூத்தவுகங்கிறீக. நான் மூத்தவன்னா நீங்க எளையவுக. பெறகு நாங்க உங்களை வாசல்லயே நிப்பாட்டணும். அந்தச் சோலி எனக்கு வேண்டாம். அம்புட்டுப் பேரும் நடந்து வந்தவுகதான. ஒருத்தர் காலைல வந்தாக, ஒருத்தர் சாயங்காலம் வந்தாக” என்றார். கதிரேசா, நீ அனுப்பிய படம் அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட அதே நாற்காலியில் அவரைப் பிடித்து உட்காரவைக்கிறது. அவரைக் கேட்டாயா?

மறுநாளே, மாசியிலிருந்து நிறுத்தி வைத்திருந்த மலரின் கைப்பிரதியைச் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் பெரியப்பா பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தச் சொன்னார். “எழுதுனவன் எவனோ. நீ அடிக்கிறவன். அடிக்கிறவனுக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டார். “அடிக்கிறவனுக்குத்தாண்ணே வந்துச்சு. மூணு தடவை அடிச்சிட்டேன். நாலாவது தடவை அடிக்கமாட்டேன். அது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றேன். கல்யாணத்துக்குச் சங்க மண்டபம் கிடையாது என்றார். வேண்டாம் என்றேன். “இந்த ஊர்ல எந்தப் பிரஸ்லயும் உன் மகன் பத்திரிகையை அடிக்கமாட்டாக. பாத்துக்கோ.” அவருக்குப் பின்னால் என் மெஷின் நின்றுகொண்டிருந்தது. “எனக்கு எதுக்குண்ணே வேற பிரஸ்?” என்றேன். அவர் போனதும் மெஷினை ஓட்டச் சொன்னேன். ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டபோது சங்கத்து ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், ஆர்டர் கொடுத்தார்கள். பிரஸ் ஓடுகிறது. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

இனி சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம். போன வாரம் ராஜபாளையம் போனேன். சோதனை முடிவை ஒரு உறையில் போட்டு எடுத்துப் போனேன். தனத்திடம் மன்னிப்புக் கேட்கும்போது கையில் ஒரு ஆதாரம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, முன்தலை வெளுத்திருக்கிறது. உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை. தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். “இது வந்த பெறகுதான் நான் கேட்டது நியாயம்னு தெரிஞ்சுச்சாக்கும்” என்றாள். “எனக்கு அந்தாளைப் புடிச்சிருந்துச்சு. அன்னைக்கு அது உனக்குப் பத்தலை. முப்பது வருசம் கழிச்சு எச்சியைத் துப்பிப் பாத்துட்டு வந்திருக்க” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு நிதானமாகக் கேட்டாள். “சரி, இந்தத் தாள்ல வேற மாதிரி வந்திருந்தா? அவுக ரத்தம் நிசமாவே வேறன்னு போட்டிருந்தா? உன் மகன் கல்யாணத்தை நிப்பாட்டியிருப்பியா?” மாட்டேன் என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. “அப்ப இதை மடிச்சு உள்ள வையி” என்று தாளை என் கையில் கொடுத்தாள்.

அந்தக் கேள்விக்குத் தை மாதத்தில் என்னிடம் பதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இப்போது இருக்கிறது. அதனால்தான் உன் வரைபடத்தை நான் அடிக்கமாட்டேன். அதில் இருக்கும் அறிவியலை நான் சந்தேகப்படவில்லை. அதைப் புத்தகமாக எழுது, சங்கத்து மலரைவிட நல்ல தாளில் நானே அடித்து, அவர்கள் கூட்டம் நடத்துகிற வாசலிலேயே விற்பேன். பொய்யை அச்சில் ஏற்றுகிறவனுக்கு அச்சிலேயே பதில் சொல்லவேண்டும், அதில் நான் உன் பக்கம். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வாழ ஐம்பதாயிரம் வருஷத்துச் சாட்சியைக் கூட்டிவந்து நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால், அவர்கள் கேட்ட கேள்வி சரிதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். யார் முதலில் வந்தது என்று நீ கேட்பது சங்கத்து மலரின் இரண்டாவது பத்தியைத் தலைகீழாக அடித்ததுதான். கல்யாணத்தன்று மாரீஸ்வரி உனக்கு மனைவியாக வரவேண்டும். உன் பெரியப்பாவோடு நீ நடத்துகிற வழக்கில் ஆதாரமாக வரக்கூடாது. நாளைக்கு உங்கள் பிள்ளையிடம் யாராவது நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டால், நடந்து வந்த ஆட்கள் என்று சொல்லச் சொல். அதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. இரண்டு அப்பாக்களின் பேருக்குப் பக்கத்திலும் இரண்டு அம்மாக்களின் பேர் இருக்கிறது. யார் பேருக்குப் பின்னாலும் சாதி வால் எதுவும் இல்லை. கல்யாணம் எம். புதுப்பட்டியில், குருசாமி வீட்டுத் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில். அவரோடு கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறவர்கள்தான் பந்தல்கால் நட்டார்கள். நானும் குருசாமியும் ஒன்றாகவே போய் சிவகாசியிலும் விருதுநகரிலும் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தோம். கதவைத் திறக்காத வீடுகள் இருந்தன. அங்கேயெல்லாம் படியில் வைத்துவிட்டு வந்தோம். பெரியப்பா வீட்டுப் படியிலும் வைத்தேன். அவர் என்னைக் காரில் ஏற்றிக் கூட்டிப்போனவர்தான், ஆனால் கையைப் பிடித்து இழுத்தவன் நான். என் பங்கை அவர் தலையில் போடமாட்டேன். கடைசி இரண்டு தெருக்களில் குருசாமி என்னைச் சம்மந்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

உனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, தாலியின் மூன்றாவது முடிச்சை யார் போடுவது என்று உன் அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். ராஜபாளையத்தில் நான் கிளம்பும்போது தனம் வாசல் வரை வந்து, “அந்த முடிச்சை நான் போடுதேன். உனக்காக இல்ல, அந்தப் பிள்ளைக்காக” என்றாள். அது போதும் எனக்கு. முந்தின நாளே வந்துவிடு. வேட்டி சட்டையெல்லாம் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். பந்தல் வாசலில் குருசாமியோடு நானும் நின்று வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவேன், உள்ளே நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூப்பிடுவேன். யார் வந்தாலும், வராவிட்டாலும், முகூர்த்தம் ஒன்பது மணிக்குத்தான்.

உன் அப்பா